இமை முடி வளர மருந்து: நன்மை என்ன? தீமை என்ன?



"கண்ணை இமை காப்பது போலக் காப்பாற்றுவேன்" என்று நாம் பேச்சுவாக்கில் சொல்லுவது வழக்கம். கண்ணை இமை காக்கிறது. சரி, அந்த இமையை யார் காப்பது? நாம்தான் காக்க வேண்டும்.

இப்போது டவுன் அழகு நிலையங்களிலும், ஃபேன்சி கடைகளிலும், கைபேசி வழியாகவும் சின்னச் சின்ன பாட்டில்கள் விலைக்கு வருகின்றன. "இமை முடி நீளமாக வளரும், அடர்த்தியாக வளரும், கண் பெரிதாகத் தெரியும்" என்று விளம்பரம் சொல்லுகிறது. கல்யாண வீடு, காதுகுத்து, திருவிழா என்றால் நம் பெண்களும் ஆசைப்பட்டு வாங்கிப் போடுகிறார்கள். ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால் கண் என்பது ஒரே ஜோடிதான். அதன் ஓரத்தில் ஒரு மருந்தைத் தடவுவதற்கு முன்னால், அது என்ன மருந்து, என்ன செய்யும், யார் போடலாம், யார் போடவே கூடாது என்பதைக் கணவன், மனைவி இருவரும் தெரிந்துகொள்வது நல்லது. அதற்காகவே இந்த வெளியீடு.

இமை முடி எதற்காக இருக்கிறது?

இமை முடி வெறும் அழகுக்காக ஏற்பட்டது அல்ல. அது கண்ணுக்கு வேலி மாதிரி. தூசி, பூச்சி, வியர்வை உள்ளே போகாமல் தடுக்கிறது. ஒரு தூசி இமை முடியில் பட்டால் போதும், நாம் நினைப்பதற்கு முன்பே கண் தானாக மூடிக்கொள்ளும். களத்து மேட்டில் நெல் தூற்றும்போது இதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

மேல் இமையில் சுமார் 90 முதல் 150 முடிகள் வரை இருக்கும். கீழ் இமையில் 70 முதல் 80 வரை. தலைமுடி வருஷக்கணக்கில் வளர்ந்துகொண்டே இருக்கும். இமை முடி அப்படியல்ல. ஒரு மாதம், இரண்டு மாதம் வளரும். பிறகு வளர்ச்சி நின்று ஓய்வெடுக்கும். அப்புறம் உதிர்ந்து, அதே இடத்தில் புது முடி முளைக்கும். அதனால்தான் இமை முடியை யாரும் வெட்டாமலேயே அது ஓர் அளவோடு நிற்கிறது. முகம் கழுவும்போது ஒன்றிரண்டு முடி கையோடு வந்தால் பயப்படத் தேவையில்லை. அது இயற்கை.

"நீளமாக இருந்தால் இன்னும் நல்லதுதானே?" என்று சிலர் கேட்பார்கள். அப்படி இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 22 வகைப் பாலூட்டிகளின் இமை முடியை அளந்து பார்த்து, 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இமை முடியின் நீளம் கண்ணின் அகலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இருக்கும்போதுதான் கண் நன்றாகக் காக்கப்படுகிறது என்று கண்டார்கள். அந்த அளவில் இருந்தால் கண்ணில் படியும் தூசியும், கண்ணீர் காய்வதும் பாதி அளவு வரை குறைகிறது. அதைவிட நீளமானால் முடியே காற்றைக் கண்ணுக்குள் திருப்பிவிடும். கண் சீக்கிரம் காயும். ஆக, இயற்கை கொடுத்திருக்கும் அளவே பெரும்பாலோருக்குப் போதுமான அளவு.

முடி குறைந்தால் முதலில் காரணத்தைத் தேடுங்கள்

சிலருக்கு இமை முடி உண்மையாகவே கொட்டிவிடுகிறது. அப்போது கடைக்கு ஓடி பாட்டில் வாங்கக் கூடாது. ஏன் கொட்டியது என்று முதலில் பார்க்க வேண்டும். வயலில் பயிர் வாடினால் பூச்சியா, தண்ணீர்க் குறைவா, வேர் அழுகலா என்று பார்த்துத்தானே மருந்து அடிக்கிறோம்? இதுவும் அப்படித்தான். முக்கியமான காரணங்கள் இவை:

1. இமை ஓர அழற்சி. இமை ஓரம் சிவந்து, பொடுகு போலச் செதில் ஒட்டி, காலையில் பீளை கட்டி, அரிப்பு இருக்கும். தேய்த்துத் தேய்த்து முடி உதிரும். அடிக்கடி கண்கட்டியும் வரும்.

2. புழுவெட்டு. தலையிலோ தாடியிலோ காசு அளவுக்கு வட்டமாக முடி போவதைப் போல இமையிலும் போகலாம். பெயரில் புழு இருந்தாலும் இதற்குப் புழு காரணம் அல்ல.

3. தைராய்டு சுரப்பிக் கோளாறு. உடல் சோர்வு, எடை கூடுதல், மாதவிலக்கு ஒழுங்கின்மை இவற்றோடு புருவ முடியும் இமை முடியும் குறையலாம்.

4. தொழுநோய். புருவத்தின் வெளி ஓரத்தில் முடி கொட்டி, பிறகு இமை முடியும் கொட்டுவது சில வகைத் தொழுநோயின் அடையாளம். உடம்பில் உணர்ச்சியற்ற வெளிர்ந்த தேமல், காது மடல் தடிப்பு இருந்தால் உடனே காட்ட வேண்டும். இதை மறைக்க வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்து சிகிச்சை அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகிவிடும்.

5. தானே பிடுங்குவது. மனக்கவலையில் சில பிள்ளைகள், சில பெரியவர்கள்கூடத் தம்மையறியாமல் இமை முடியைப் பிடுங்குவார்கள். திட்டினால் தீராது, அன்பாகப் பேசி டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும்.

6. புற்றுநோய் மருந்து. இந்தச் சிகிச்சை பெறுகிறவர்களுக்கு இமை முடி கொட்டும். சிகிச்சை முடிந்த பிறகு பெரும்பாலும் மறுபடி முளைத்துவிடும்.

பிள்ளை பெற்று இரண்டு, மூன்று, நான்கு மாதத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவதைக் கண்டு பல தாய்மார்கள் கலங்குகிறார்கள். இது பெரும்பாலும் தலைமுடியைப் பற்றியது. தானாகவே நின்று, ஒரு வருஷத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். இதற்காக இமையில் எதுவும் தடவ வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான கோளாறும் ஒன்று உண்டு. இமை முடி குறையாமல், உள்பக்கமாகத் திரும்பி விழியை உரசும். முன்பு டிரக்கோமா என்ற கண் நோயால் பலருக்கு இப்படி ஆகிப் பார்வை போயிற்று. இந்தியாவில் டிரக்கோமா ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இருந்த நிலை ஒழிந்துவிட்டது என்று 2024இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனாலும் வயதானவர்களுக்கு வேறு காரணங்களால் முடி உள்ளே திரும்பலாம். வீட்டிலேயே சாமணம் கொண்டு பிடுங்கிக்கொண்டு இருக்காமல் கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

உண்மையிலேயே முடி வளர்க்கும் மருந்து உண்டா?

உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த மருந்தின் பெயர் பைமாட்டோபிராஸ்ட்.

இது பிறந்த கதையே வேடிக்கையானது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, சத்தமில்லாமல் பார்வையைத் திருடும் கண் நீர் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்துகள் கண்டுபிடித்தார்கள். அப்படிச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டவர்களின் இமை முடி நீண்டு கறுத்து வளருவதை டாக்டர்கள் கவனித்தார்கள். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த லாட்டனோபிராஸ்ட் என்ற மருந்தைப் பற்றி 1997இலேயே இப்படி எழுதினார்கள். பைமாட்டோபிராஸ்ட் 2001இல் கண் அழுத்த நோய்க்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பக்க விளைவாக வந்ததையே பிறகு பயனாக எடுத்துக்கொண்டு, 2008 டிசம்பரில், இமை முடி மிகக் குறைவாக உள்ளவர்களுக்கு அதே மருந்தை அங்கே அனுமதித்தார்கள்.

அனுமதிக்கு முன் 278 பேரிடம் 16 வாரம் சோதனை நடந்தது. மருந்து போட்டவர்களில் 100க்கு 78 பேருக்கு இமை முடி கண்ணுக்குத் தெரியும் அளவில் கூடியது. மருந்தில்லாத வெறும் திரவம் போட்டவர்களில் 100க்கு 18 பேருக்கே கூடியது. முடியின் நீளம் சராசரியாக 1.4 மில்லிமீட்டர் கூடியது. ஓர் அரிசியின் கனத்தை விடக் கொஞ்சம் குறைவு அல்லது அதே அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு முடி தடித்தது, கறுத்தது.

ஆகவே நன்மை உண்டு. யாருக்கு? நோயாலோ சிகிச்சையாலோ இமை முடி இழந்து, வெளியே தலைகாட்டக் கூச்சப்படுகிறவர்களுக்கு, கண் டாக்டர் பார்த்துச் சொன்னால், இது உதவக்கூடிய மருந்து. நன்றாக இருக்கிற இமைக்கு இது தேவையில்லை.

இன்னொரு சங்கதி. இது போட்டால் ஒரே வாரத்தில் வளராது. இரண்டு மாதம் போட்ட பிறகுதான் வித்தியாசம் தெரியும், நான்கு மாதத்தில்தான் முழுப் பலன். நிறுத்தினால் சில வாரங்களில், சில மாதங்களில், பழைய நிலைக்கே திரும்பிவிடும். அதாவது, பலன் வேண்டுமானால் வாழ்நாள் முழுக்கப் போட்டுக்கொண்டே, பணம் செலவழித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பக்க விளைவுகள்

மேலே சொன்ன சோதனையில் கண் அரிப்பு, கண் சிவப்பு, இமைத் தோல் கறுத்தல் ஆகியவை ஒவ்வொன்றும் 100 பேரில் மூன்று, நான்கு பேருக்கு வந்தன. அதிகமில்லை என்று தோன்றும். ஆனால் என்னென்ன வரலாம் என்பதை முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

* கண் சிவந்து, அரித்து, உறுத்தும், வறண்டு போகும்.

* இமைத் தோல் கறுக்கும். முகத்துக்கு அழகு தேடிப் போய், தூங்காதவர் மாதிரி கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் மெல்ல மெல்லக் குறையும்.

* கண்ணின் நடுவே உள்ள நிற வளையம் மேலும் பழுப்பாகலாம். இந்த மாற்றம் வந்தால் திரும்பிப் போகாது என்றே கருதப்படுகிறது. நம்மவர்களுக்கு ஏற்கெனவே கரும்பழுப்புக் கண் என்பதால் வெளியே அவ்வளவாகத் தெரியாது.

* கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பு கரைந்து, கண் குழி விழுந்தது போல ஆகலாம். மாதக்கணக்கில் போடுகிறவர்களிடம் இது காணப்படுகிறது.

* மருந்து வழிந்து கன்னத்தில் அடிக்கடி பட்டால், பட்ட இடத்திலும் முடி முளைக்கலாம்.

* கண்ணுக்குள் அழற்சி உள்ளவர்களுக்கு அது அதிகமாகலாம். கண் அழுத்த நோய்க்கு ஏற்கெனவே சொட்டு மருந்து போடுகிறவர் இதையும் சேர்த்துப் போட்டால் அந்தச் சிகிச்சையே கெடக்கூடும்.

* தூரிகை சுத்தமில்லாவிட்டால் கிருமி புகுந்து கண் புண்ணாகும்.

டாக்டரே எழுதிக் கொடுத்துப் போடுவதானால், முறை இதுதான்: இரவில் முகம் கழுவிய பிறகு, ஒரு சொட்டு மருந்தைச் சுத்தமான தூரிகையில் விட்டு, மேல் இமையின் முடி அடியில் மட்டும் ஒரு கோடு இழுக்க வேண்டும். கீழ் இமையில் போடக் கூடாது. வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும். ஒரு கண்ணுக்கு ஒரு தூரிகை. போட்டதும் எறிந்துவிட வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் அதைக் கழற்றிவிட்டுப் போட்டு, 15 நிமிடம் கழித்தே மாட்ட வேண்டும். ஒருவர் பாட்டிலை இன்னொருவர் பயன்படுத்தவே கூடாது. அக்கா தங்கையாக இருந்தாலும் சரி.

பெயர் சொல்லாத பாட்டில்கள்

கடையில் "சீரம்" என்று விற்கும் எல்லாவற்றிலும் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. சிலவற்றில் வெறும் சத்துப் பொருளும் எண்ணெயும்தான் இருக்கும். அவை பெரிய கெடுதலும் செய்யாது, பெரிய பலனும் தராது. வேறு சிலவற்றில், மேலே சொன்ன மருந்தின் உறவுக்கார இரசாயனங்களைச் சேர்த்து, அழகுப் பொருள் என்ற பெயரில் விற்கிறார்கள். இப்படி விற்ற ஒரு கம்பெனிக்கு 2011இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது. அழகுப் பொருள் என்று நினைத்துப் போடுகிறவருக்கு, மருந்தின் பக்க விளைவுகள் அனைத்தும் வரக்கூடும். ஆகவே, "மருந்து இல்லை, வெறும் அழகு சாதனம்தான்" என்று கடைக்காரர் சொன்னாலும் நம்பிவிடாதீர்கள். சீக்கிரம் வளர்ந்தால், உள்ளே ஏதோ இருக்கிறது என்றே பொருள்.

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும்

இந்த வெளியீட்டில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

இந்த மருந்துகள் பிராஸ்டாகிளாண்டின் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. பிரசவ வலி வரவழைக்க ஆஸ்பத்திரியில் கொடுக்கிற சில மருந்துகளும் இதே குடும்பம்தான். இமையில் தடவுவது மிகக் கொஞ்சம். அதனால் கரு கலைந்துவிடும் என்று அர்த்தம் இல்லை. ஆனால் எலிகளுக்கு மிக அதிக அளவில் வாய்வழியாகக் கொடுத்தபோது கரு கலைந்திருக்கிறது. கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பானது என்று காட்டப் போதிய ஆராய்ச்சி இல்லை. விலங்குகளில் தாய்ப்பாலிலும் இந்த மருந்து கலந்தது தெரிந்திருக்கிறது. அழகுக்காகப் போடும் ஒன்றுக்காக, வயிற்றிலுள்ள பிள்ளையையும் மடியிலுள்ள பிள்ளையையும் சோதனைக்கு ஆளாக்குவானேன்? கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மார்களும், பிள்ளைக்குத் திட்டமிடும் பெண்களும் இதைத் தவிர்ப்பதே நல்லது.

நம் ஊர்த் துணை சுகாதார நிலையங்களில் இப்படி ஒரு பேச்சு நடக்கக்கூடும்:

மனைவி: நர்ஸக்கா, ஒரு விஷயம் கேக்கணும். யார்கிட்டயும் சொல்லாதீங்க.

செவிலியர்: சொல்லும்மா. இங்க பேசறது வெளியே போகாது.

மனைவி: நாத்தனார் கல்யாணத்துக்காக இமையில போடற மருந்து வாங்கினேன். ரெண்டு மாசமா ராத்திரி ராத்திரி போடறேன். இப்ப தூரம் தள்ளிப் போயி அம்பது நாளாச்சு. நேத்துதான் ஒருத்தி சொன்னா, அது கர்ப்பத்துக்கு ஆகாதுன்னு. ராத்திரி பூரா தூக்கமே இல்லக்கா.

செவிலியர்: முதல்ல சோதனை பண்ணிப் பார்த்துருவோம். கர்ப்பம்னா சந்தோஷம்தானே? நீ போட்டது கண்ணு ஓரத்துல ஒரு சொட்டு. அதுக்காகப் பிள்ளைக்குக் கண்டிப்பா கெடுதல் வந்துரும்னு யாரும் சொல்ல முடியாது. இன்னியோட நிறுத்திடு. பாட்டிலை எடுத்துட்டு வா, டாக்டரம்மாகிட்ட காட்டுவோம்.

கணவர்: ஏங்க சிஸ்டர், இதுக்காகக் கலைச்சுட்டா நல்லதுன்னு எங்க பெரியம்மா சொல்றாங்களே?

செவிலியர்: வேண்டவே வேண்டாம் தம்பி. இந்த மருந்து போட்டதுக்காகக் கருவைக் கலைக்க வேண்டிய அவசியமே இல்ல. நாட்டு மருந்து, கடை மாத்திரைன்னு எதையாவது கொடுத்து வெச்சீங்கன்னா அதுலதான் உயிருக்கே ஆபத்து. வழக்கம் போலப் பதிவு பண்ணி, ஊசி போட்டு, ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கலாம்.

மனைவி: அப்போ முடி? கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு...

செவிலியர்: உன் கண்ணுக்கு என்ன குறைச்சல்? வளர்ந்தது மெதுவா பழையபடி ஆகும். அவ்வளவுதான்.

கணவர்: நான்தான் சிஸ்டர் காரணம். சினிமாக்காரி கண்ணு மாதிரி உனக்கு இல்லையேன்னு ஒருநாள் விளையாட்டாச் சொன்னேன்.

செவிலியர்: விளையாட்டாச் சொன்னது அவ மனசுல தங்கிப்போச்சு பாருங்க. இனிமே இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாளான்னு கேளுங்க. அதுதான் இப்ப அவளுக்கு வேணும்.

கணவன்மார்களே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான். சும்மா சொல்லுகிற ஒரு சொல் வீட்டில் என்ன செய்யும் என்பதை எண்ணிப் பாருங்கள். மனைவி இப்படி ஒன்று வாங்கியிருந்தால் கோபிக்காமல், பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று இருவரும் சேர்ந்து படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் செவிலியரிடம் காட்டுங்கள்.

நம் வீட்டு வழக்கங்கள்

விளக்கெண்ணெய்: இரவில் இமையில் விளக்கெண்ணெய் தடவினால் முடி வளரும் என்று பாட்டிமார் சொல்வார்கள். எண்ணெய் பட்டால் முடி பளபளப்பாக, கறுப்பாகத் தெரியும்; அது வளர்ந்தது போலத் தோன்றும். முடியை உண்மையாக வளர்க்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மேலே லேசாகத் தடவினால் பெரும்பாலோருக்குக் கெடுதல் இல்லை. சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும். ஆனால் செக்கில் ஆட்டிய எண்ணெயைக் கண்ணுக்குள் சொட்டு விடவே கூடாது. அது கிருமி நீக்கிய மருந்து அல்ல.

கண் மை: குழந்தைக்கு மை இட்டால் கண் பெரிதாகும், இமை முடி நீளும் என்பது வெறும் நம்பிக்கை. கண்ணின் அளவும் இமையின் அளவும் அப்பா அம்மாவிடமிருந்து வருபவை. கடையில் விற்கும் சில மை, சுர்மா வகைகளில் ஈயம் இருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. குழந்தை கண்ணைக் கசக்கி விரலை வாயில் வைக்கும். ஈயம் உள்ளே போகும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இரத்தச் சோகை உண்டாக்கும். வீட்டில் விளக்குக் கரியில் செய்த மையில் ஈயம் இல்லாவிட்டாலும், கை விரலால் இடும்போது கிருமி போகும். திருஷ்டிக்குப் பொட்டு வைக்கத்தான் வேண்டும் என்றால் கண்ணுக்குள் வேண்டாம், உள்ளங்காலில் வையுங்கள்.

முடியை நறுக்குதல்: மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்று நினைத்து, குழந்தையின் இமை முடியையும் சிலர் கத்தரிப்பது உண்டு. முடியின் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. நுனியை வெட்டினால் வேருக்கு எதுவும் தெரியாது. கத்தரிக்கோல் கண்ணில் பட்டால் பார்வை போகும்.

தலைக்குப் போடும் மருந்து: ஆண்கள் தலை வழுக்கைக்குப் போடும் மினாக்சிடில் திரவத்தை இமையில் போட்டுப் பார்க்க வேண்டாம். அது கண்ணுக்கு அருகே போகவே கூடாது.

ஒட்டு இமை: கல்யாணப் பெண்ணுக்குப் பசை போட்டு ஒட்டு முடி வைக்கிறார்கள். அந்தப் பசை சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் இமை வீங்கிவிடும். வாரக்கணக்கில் வைத்துக்கொண்டால் அதன் பாரத்தில் சொந்த முடியே பிடுங்கிக்கொண்டு வரும். ஒரு நாளைக்கு வைத்துக்கொண்டாலும், இரவு தூங்கும் முன் பக்குவமாக எடுத்துவிடுங்கள். இழுத்துப் பிய்க்க வேண்டாம்.

செலவில்லாத இமைப் பராமரிப்பு

1. கொதிக்க வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய தண்ணீரில் சுத்தமான பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் ஐந்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். பிறகு இமை ஓரத்தை மெதுவாகத் துடையுங்கள். இமை ஓர அழற்சி உள்ளவர்கள் காலை, மாலை இருவேளையும் செய்யலாம். ஒரு கண்ணைத் துடைத்த துணிப் பக்கத்தால் மறு கண்ணைத் துடைக்க வேண்டாம்.

2. கண்ணைக் கசக்காதீர்கள். அரித்தால் குளிர்ந்த சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள்.

3. மை இட்டிருந்தால் தூங்கும் முன் கழுவிவிடுங்கள்.

4. வீட்டில் ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு மை.

5. கீரை, பருப்பு, முட்டை, பால், பழம் என்று எது கிடைக்கிறதோ அதை மனைவியும் வயிறாரச் சாப்பிடட்டும். எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிற வழக்கம் போகட்டும். இதனால் இமை ஒரே நாளில் வளர்ந்துவிடாது. உடம்பு தேறும், உடம்போடு முடியும் தேறும்.

எப்போது உடனே டாக்டரிடம் போக வேண்டும்?

இமை முடி திட்டுத் திட்டாகக் கொட்டினால். புருவமும் சேர்ந்து கொட்டினால். இமையில் ஆறாத புண்ணோ கட்டியோ இருந்து அந்த இடத்தில் முடி போனால். ஏதாவது மருந்து போட்ட பிறகு கண் வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பார்க்கக் கூச்சம், அதிகச் சிவப்பு வந்தால். மருந்தை நிறுத்துங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப் போட வேண்டாம்.

நினைவில் வையுங்கள்

முடி குறைந்தால் முதலில் காரணம், பிறகே மருந்து.

முடி வளர்க்கும் மருந்து உண்டு. கண் டாக்டர் சீட்டு இல்லாமல் வேண்டாம்.

நிறுத்தினால் பலனும் நின்றுவிடும்.

கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் வேண்டாம்.

தெரியாமல் போட்டுவிட்டால் பயம் வேண்டாம். நிறுத்திவிட்டுச் செவிலியரிடம் சொல்லுங்கள்.

குழந்தையின் கண்ணில் மை வேண்டாம்.

சந்தேகம் எதுவானாலும் உங்கள் கிராம சுகாதார செவிலியரையோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகுங்கள். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் தொலைபேசியிலும் மருத்துவ ஆலோசனை கேட்கலாம். கூச்சம் வேண்டாம், கேட்பதற்குக் காசும் இல்லை.

கண்ணை இமை காக்கட்டும். இமையை நீங்கள் காத்துக்கொள்ளுங்கள். ஒருவரை ஒருவர் கண் போலப் பார்த்துக்கொள்ளுங்கள்.